பார்த்துச் செய்த பொற்காசு: ரோம நாணயங்களுக்கு ஜெர்மானியர் செய்த சாயல்கள்

எழுதப் படிக்கத் தெரியாத நான்கு வயதுக் குழந்தையிடம் ஒரு ரூபாய் நாணயத்தைக் கொடுத்து, அதைப் பார்த்து வரையச் சொல்லிப் பாருங்கள். சிங்கங்களுக்குப் பெரிய கண்ணும் மூக்கும் வந்துவிடும். ஒன்று பூனையாகவே மாறிவிடலாம். ஓரத்து எழுத்துகள் மட்டும் எழுத்துகளாக வராது. கோடு, வட்டம், மறுபடி கோடு என்று வரிசையாக ஏதோ இருக்கும். ஆனால் எழுத்து எங்கே இருந்ததோ, அதே இடத்தில்தான் அந்தக் கோடுகளும் இருக்கும். அங்கே ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும் என்று குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. அது என்ன சொல்கிறது என்பது தெரியாது, அவ்வளவுதான்.

சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய உக்ரைன் இருக்கும் நிலப்பரப்பில் வாழ்ந்த பொற்கொல்லர்கள் செய்த சில காசுகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் குழந்தையின் தாள்தான் நினைவுக்கு வரும். ரோமப் பேரரசின் தங்கக் காசு ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு, அதைப் போல இன்னொன்றை அடித்திருக்கிறார்கள். பேரரசரின் தலை வந்திருக்கிறது. தலையில் முடிப்பட்டை வந்திருக்கிறது. எழுத்து வரவேண்டிய இடத்தில் கோடும் புள்ளியும் வளையமும் வந்திருக்கின்றன. குழந்தையோடு ஒப்பிடுவது அதோடு சரி. தங்கத்தை உருக்கவும் தகடாக்கவும் அச்சு வெட்டவும் தெரிந்த தேர்ந்த கைகள் அவை. அவர்களுக்கு லத்தீன் எழுத்து தெரியாது என்பது ஒன்றுதான் குறை.

இந்தக் காசுகளைப் பழைய நூல்கள் ‘காட்டுமிராண்டி நகல்கள்’ என்று எழுதி வந்தன. பேச்சு புரியாத அயலாரை ‘பர்-பர்’ என்று உளறுபவர்கள் எனக் கிரேக்கர்கள் அழைத்ததிலிருந்து வந்த ‘பார்பேரியன்’ என்ற சொல்தான் அதற்கு மூலம். ‘போலி நாணயம்’ என்று சொல்வதும் பெரும்பாலும் தவறு. போலி என்றால் ஏமாற்றும் நோக்கம் இருக்கவேண்டும். நல்ல பொன்னையே உருக்கி, அசலின் எடையையொட்டிச் செய்து, பிறகு தலைப்பக்கம் துளையிட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்பவர் யாரை ஏமாற்றுகிறார்? அதனால் இந்தக் கட்டுரையில் ‘சாயல் காசு’ என்ற சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

‘ஜெர்மானியர்’ என்றதும் இன்றைய ஜெர்மனி நாட்டவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். ரைன், டானூப் ஆறுகள் ரோமப் பேரரசின் எல்லையாக இருந்த காலத்தில், அவற்றுக்கு வடக்கேயும் கிழக்கேயும் வாழ்ந்த பல மக்கள் கூட்டங்களுக்கான பொதுப்பெயர் இது. கோத்துகள், பிராங்குகள், வண்டாலர்கள், பர்கண்டியர்கள், சுவேபியர்கள், லொம்பார்டுகள், பிரீசியர்கள் என்று பட்டியல் நீளும். அவர்களின் மொழிகள் உறவுமொழிகள். மற்றபடி அவர்கள் ஒரே அரசின் கீழோ ஒரே எண்ணத்திலோ இருந்ததில்லை. தங்களுக்குள்ளும் ஓயாமல் போரிட்டார்கள். ஆகவே சாயல் காசுகளும் ஒரே வகையாக இல்லை. காலத்தால் முன்னூறு ஆண்டுகளுக்கு மேல், இடத்தால் கருங்கடலிலிருந்து அட்லாண்டிக் கரை வரை பரந்து கிடக்கின்றன.

முதலில் அசலைத் தெரிந்துகொள்வோம். ரோமரின் தங்கக் காசுக்கு ‘அவுரியஸ்’ என்று பெயர். அகஸ்டஸ் காலத்தில் ஒரு ரோமப் பவுண்டுத் தங்கத்திலிருந்து 40 காசுகள் அடித்தார்கள். ஒன்று ஏறக்குறைய 8 கிராம். நீரோ கி.பி. 64இல் அதை 45 ஆக்கினார். பின்வந்தவர்கள் மேலும் குறைத்தார்கள். 3ஆம் நூற்றாண்டின் குழப்பத்தில் எடை தாறுமாறாகப் போனது. பிறகு பேரரசர் கான்ஸ்டன்டைன் 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘சாலிடஸ்’ என்ற புதிய காசைக் கொண்டுவந்தார். ஒரு பவுண்டுக்கு 72 காசு, ஒன்றுக்குச் சுமார் 4.5 கிராம். நம் கணக்கில் அரைப் பவுனைவிடச் சற்று அதிகம். இந்த சாலிடஸ்தான் பல நூறு ஆண்டுகள் மாற்றுக் குறையாமல் உலகச் சந்தையில் நின்ற காசு. அதில் மூன்றில் ஒரு பங்கு எடையுள்ள சிறு காசு ‘ட்ரெமிஸிஸ்’, சுமார் 1.5 கிராம். இந்த மூன்று பெயர்களும் போதும்.

தங்கம் எல்லை தாண்டிப் போன வழிகள் பல. ரோமப் படையில் கூலிக்குச் சேர்ந்த வீரர்கள் சம்பளமாகக் கொண்டுபோனார்கள். தாக்காமல் இருப்பதற்கு விலையாக ரோம அரசே தலைவர்களுக்குக் கொடுத்தது. வணிகத்தில் கொஞ்சம் போனது. கொள்ளையில் நிறையப் போனது.

கொள்ளை என்றால் 251ஆம் ஆண்டைச் சொல்லவேண்டும். இன்றைய பல்கேரியாவின் ரஸ்கிராத் நகருக்கு அருகே அப்ரிட்டஸ் என்ற இடத்தில், கினிவா என்ற தலைவனின் கீழிருந்த கோத்துகள் ரோமப் படையைச் சதுப்பு நிலத்தில் சிக்கவைத்து அழித்தார்கள். பேரரசர் டெசியஸும் அவர் மகனும் அந்தப் போரிலேயே மாண்டார்கள். அயல்நாட்டுப் பகைவரோடு போரிட்டுக் களத்தில் விழுந்த முதல் ரோமப் பேரரசர் அவர். பேரரசர் படையோடு போகும்போது சம்பளத்துக்கான தங்கமும் கூடப் போகும். டெசியஸ் பெயரிலும் அவருக்குச் சற்று முந்திய பேரரசர்கள் பெயரிலும் அடித்த அவுரியஸ் காசுகள் இன்று உக்ரைனிலும் போலந்திலும் மண்ணிலிருந்து கிடைக்கின்றன. அந்தச் சதுப்பில் பறிபோன கருவூலத்தின் சிதறல்கள் இவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவற்றில் பலவற்றில் துளை இருக்கிறது. ஆக, சாயல் காசு செய்தவருக்குப் பார்த்துச் செய்ய அசல் கையில் இருந்தது.

இன்னொரு பேரம் 408இல் நடந்தது. கோத்துகளில் ஒரு பிரிவினரான விசிகோத்துகளின் தலைவன் அலாரிக் ரோம் நகரை முற்றுகையிட்டு, விலகிப் போக விலை கேட்டான்: 5,000 பவுண்டு தங்கம், 30,000 பவுண்டு வெள்ளி, 4,000 பட்டு அங்கிகள், 3,000 செந்நிறத் தோல்கள், 3,000 பவுண்டு மிளகு. தங்கத்தை மட்டும் சாலிடஸாகக் கணக்குப் போட்டால் 3,60,000 காசுகள். மிளகைப் படித்ததும் தமிழ் வாசகர் ஒரு நொடி நிற்பார். ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்று அகநானூறு முசிறித் துறையைப் பாடியதே, அந்த மலபார்க் கரையின் சரக்குதான் அது. ரோமரின் பொன் இங்கே வந்தது, இங்கிருந்து மிளகு அங்கே போனது; பிறகு பொன்னும் மிளகும் சேர்ந்தே கோத்துகளின் கைக்குப் போயின.

பொன் கையில் இருக்கிறது, அசல் காசும் இருக்கிறது. பிறகு ஏன் சாயல்? எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். ஒரே விடை சொல்லி முடித்துவிட முடியாது என்பதும் ஒரு காரணம்.

ஜெர்மானிய ஊர்களில் காசுக்குக் கடைத்தெரு வேலை மிகக் குறைவு. கி.பி. 98ஐ ஒட்டி எழுதிய ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், எல்லையோரத்து ஜெர்மானியர் பழகிய பழைய வெள்ளிக் காசுகளையே விரும்பினார்கள், பொன்னைவிட வெள்ளியையே தேடினார்கள், சில்லறைப் பொருள் வாங்க அதுதான் வசதி என்று குறிப்பிடுகிறார். உள்ளே போகப் போகப் பண்டமாற்றுதான். அப்படிப்பட்ட இடத்தில் 7 கிராம் தங்கக் காசை வைத்துக்கொண்டு எதையும் வாங்கவும் முடியாது, மிச்சம் வாங்கவும் முடியாது. அது வேறு வேலைக்கு வந்தது.

காசுமாலையை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். நம் பாட்டிமார் கழுத்தில் இருந்த காசுமாலையின் காசைக் கடையில் கொடுத்து யாரும் அரிசி வாங்கியதில்லை. ஆனாலும் அது காசு வடிவத்தில் இருந்தால்தான் காசுமாலை. தங்கத்தின் மதிப்பு, வடிவத்தின் மதிப்பு, அணிகிறவரின் நிலை மூன்றும் ஒன்றாகக் கோத்திருக்கும். கோத்துத் தலைவனின் கழுத்தில் தொங்கிய பேரரசர் முகமும் அப்படித்தான். ‘ரோமப் பேரரசனோடு எனக்குத் தொடர்பு உண்டு’ என்று அது சொல்லியது. அந்தத் தொடர்பு நட்பாகவும் இருக்கலாம், அவனைக் கொன்று பறித்ததாகவும் இருக்கலாம்.

இதற்குச் சான்று துளையிலேயே இருக்கிறது. பெரும்பாலான துளைகள் பேரரசரின் தலைக்கு நேர் மேலே இருக்கின்றன. மாட்டினால் முகம் நிமிர்ந்து நிற்கும். பின்பக்கத்து உருவம் சாய்ந்து போனாலும் அணிந்தவர் கவலைப்படவில்லை. முன்பக்கத்து முகமே அவருக்கு முக்கியம்.

தலைவன் தன் ஆட்களுக்குப் பரிசளித்துத்தான் தலைவனாக இருக்க முடியும். அசல் காசுகள் கொடுத்துத் தீர்ந்துபோன பிறகு, இருக்கும் பொன்னை அதே வடிவத்தில் அடிக்கவேண்டி வந்தது என்பது சாயலுக்கான ஒரு விளக்கம். செர்ன்யாகிவ் பண்பாடு என்று தொல்லியலாளர்கள் அழைக்கும் உக்ரைன், மால்டோவா பகுதிகளில் கிடைக்கும் சாயல்களில் முழுத் தங்கமும் உண்டு, செம்பின் மேல் பொன்முலாம் பூசியதும் உண்டு. முலாம் பூசியவை யாருக்காக என்று யோசிக்கத் தோன்றுகிறது. அடுத்த படிநிலையில் இருந்தவர்களும் அந்த முகத்தைக் கழுத்தில் மாட்ட விரும்பினார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

பெரிய தலைவர்களின் கணக்கே வேறு. ருமேனியாவின் ஷிம்லேவு சில்வானியெய் ஊரில் 1797இலும் 1889இலும் இரண்டு புதையல்கள் கிடைத்தன. முதல் புதையலில் பல சாலிடஸ் எடையுள்ள பெரிய தங்கப் பதக்கங்கள் இருந்தன. ரோமப் பேரரசர்கள் பரிசாக மட்டுமே கொடுத்த வகை அது. ஒவ்வொன்றுக்கும் ஜெர்மானியப் பொற்கொல்லர் அகலமான அலங்காரச் சட்டமும் தொங்கவிட வளையமும் சேர்த்திருக்கிறார். பேரரசர் வாலன்ஸின் முகம் கொண்ட பதக்கங்களில் ரோம அக்கசாலையில், அதாவது நாணயச் சாலையில், செய்யாத, ஜெர்மானியரே செய்த சாயல்களும் கலந்திருக்கின்றன. முதல் புதையல் வியன்னாவிலும் இரண்டாவது புடாபெஸ்டிலும் இருக்கின்றன.

இனி, செய்முறை. அந்தக் காலத்தில் காசு அடிக்க இரண்டு அச்சுகள் வேண்டும். முன்பக்கத்து அச்சைப் பட்டறைக் கல்லில் பதித்து வைப்பார்கள். அதன்மேல் சூடாக்கிய தங்க வில்லை. அதற்கு மேல் பின்பக்கத்து அச்சு. ஓங்கி ஒரு சம்மட்டி அடி. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பதிந்துவிடும்.

அச்சு வெட்டுவதில்தான் சூட்சுமம். காசில் மேடாக வரவேண்டியதை அச்சில் பள்ளமாக வெட்டவேண்டும். காசில் வலப்பக்கம் பார்க்கும் முகத்தை அச்சில் இடப்பக்கம் பார்க்க வெட்டவேண்டும். எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வெட்டவேண்டும். எழுத்து தெரிந்தவருக்கு இது பழக்கம். எழுத்தே தெரியாதவர் காசைப் பார்த்தபடியே அச்சில் வெட்டினால் என்ன ஆகும்? அடித்த காசில் எல்லாம் இடம் வலமாகத் திரும்பிவிடும். சாயல் காசுகள் பலவற்றில் பேரரசர் தவறான பக்கம் பார்ப்பதும், எழுத்துகள் தலைகீழாகவோ கண்ணாடி பிம்பமாகவோ இருப்பதும் இதனால்தான். அந்தப் பிழையை ஒருமுறை பார்த்துவிட்டால், குனிந்து அமர்ந்து உளி பிடித்திருக்கும் அந்த மனிதரையே பார்த்ததுபோல் இருக்கும்.

வேறு வழியும் இருந்தது. அசல் காசைக் களிமண்ணில் அழுத்தி, அந்த அச்சில் உருக்கிய உலோகத்தை ஊற்றி வார்ப்பது. வார்த்த காசில் எழுத்து சரியாக இருக்கும், ஆனால் விளிம்புகள் மழுங்கியிருக்கும். இரண்டு வேறு பேரரசர்களின் காசிலிருந்து ஒன்றின் முன்பக்கத்தையும் மற்றதன் பின்பக்கத்தையும் எடுத்துச் சேர்த்தவர்களும் உண்டு. ரோம வரலாற்றில் நடக்கவே முடியாத சேர்க்கைகள் அப்படி உருவாயின.

ஒவ்வோர் அச்சும் கையால் வெட்டியது என்பதால் கைரேகைபோலத் தனித்தன்மை கொண்டது. இரண்டு காசுகள் ஒரே அச்சில் பிறந்தவையா என்று உற்றுப் பார்த்துச் சொல்லிவிட முடியும். ரோம வெள்ளிக் காசுகளின் சாயல்களில், ஒரே அச்சில் பிறந்தவை உக்ரைனிலும் பால்டிக் கடலைச் சுற்றிய ஸ்காண்டிநேவியாவிலும் கிடைத்திருக்கின்றன. காசு நடந்து போகாது. அதை எடுத்துக்கொண்டு யாரோ அவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள். எழுதிவைக்காத மக்களின் பயணத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

வடக்கே போகப் போகச் சாயல் தன் மூலத்தை விட்டு விலகி வேறொரு பொருளாகவே ஆனது. 5, 6ஆம் நூற்றாண்டுகளில் டென்மார்க், சுவீடன், நார்வே பகுதிகளில் ‘பிராக்டியேட்’ என்ற மெல்லிய தங்கத் தகட்டுப் பதக்கங்களைச் செய்தார்கள். ஒரு பக்கம் மட்டுமே உருவம். இன்று ஆயிரத்துக்கும் மேல் தெரியவந்திருக்கின்றன. தொடக்கம் கான்ஸ்டன்டைன் வம்சத்தாரின் பதக்கங்கள். பிறகு பேரரசரின் தலை பெரிதாகிக்கொண்டே போய், உடலே இல்லாமல் நேராக ஒரு குதிரையின் முதுகில் அமர்ந்துவிடுகிறது. கூந்தலின் முனை பறவையின் தலையாகிறது. அந்தத் தலையை அந்த வடநாட்டு மக்களின் ஓடின் கடவுள் என்று பல ஆய்வாளர்கள் வாசிக்கிறார்கள். 2020 டிசம்பரில் டென்மார்க்கின் யெல்லிங் ஊருக்கு அருகே விண்டலெவ் என்ற இடத்தில் ஏறக்குறைய 800 கிராம் தங்கப் புதையல் கிடைத்தது. அதிலிருந்த ஒரு பிராக்டியேட்டில் ஜெர்மானியரின் சொந்த எழுத்தான ரூன் எழுத்துகளை 2023இல் வாசித்தபோது, ‘ஓடினின் ஆள்’ என்ற பொருள்படும் தொடர் தெரிந்தது. ஓடினின் பெயர் எழுத்தில் வரும் மிகப் பழைய இடம் இதுதான். அதே புதையலில் ரோமப் பேரரசர்களின் தங்கக் காசுகளும் பதக்கங்களாகச் சேர்ந்தே இருந்தன. மூலமும் வழித்தோன்றலும் ஒரே குழியில்.

இந்த வகையில் ஒன்றை அருகில் வைத்துப் பார்ப்போம். இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் அன்ட்லி என்ற இடத்தில் கிடைத்த பிராக்டியேட், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விட்டம் இரண்டு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும்; நம் ஒரு ரூபாய் நாணய அளவு. அதில் தலைக்கவசம் அணிந்த, தாடி வைத்த ஒரு முகம். அதன் அருகிலேயே ஒரு பெண் ஓநாயும் அதன் கீழ் இரண்டு குழந்தைகளும்.

ஓநாய்ப் பால் குடித்து வளர்ந்த ரோமுலஸ், ரீமஸ் கதை தெரிந்தவர்களுக்கு மூலம் உடனே பிடிபடும். கான்ஸ்டன்டைன் காலத்தில் ‘ரோம் நகரம்’ என்ற எழுத்தோடு ஒரு காசு வெளியானது. முன்பக்கம் கவசமணிந்த ரோமா தேவி, பின்பக்கம் ஓநாயும் இரட்டையரும். நம் பொற்கொல்லருக்கு ஒரு பக்கம்தான் இடம். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். ரோமா தேவி பெண் என்பது அவருக்குத் தெரியவில்லை, அல்லது தேவைப்படவில்லை. தலைக்கவசம் அணிந்தவர் ஆணாகத்தான் இருக்கவேண்டும் என்று தாடியும் வைத்துவிட்டார்! என்னை வியக்கவைப்பது வேறொன்று: அந்த ரோமக் காசு தங்கமே அல்ல, செப்புக் கலவையில் அடித்த சில்லறைக் காசு. ரோமில் கடைத்தெருவில் புழங்கிய ஒன்றைப் பார்த்து வடக்கே ஒருவர் பொன்னில் நகை செய்திருக்கிறார். பேரரசின் மதிப்புப் பட்டியல் எல்லைக்கு அப்பால் செல்லவில்லை. அழகாகவும் வலிமையுள்ளதாகவும் எது தோன்றியதோ அதற்கே பொன்.

அந்தப் பதக்கத்தின் ஓரத்தில் லத்தீன் எழுத்தும் இல்லை, பொருளற்ற கோடுகளும் இல்லை. வலமிருந்து இடமாக ரூன் எழுத்துகள் ஓடுகின்றன: ‘காகோகா மாகா மெது’ என்பதற்கு நெருக்கமான ஒலிகள். கடைசிச் சொல்லைத் தேறல் என்றும் கைம்மாறு என்றும் வாசிக்கிறார்கள். உறவினர் ஒருவருக்குத் தரும் பரிசைக் குறிப்பது என்று கொள்வோரும் உண்டு.

இதுவரை சொன்னவை நகையாக வாழ்ந்த சாயல்கள். 5ஆம் நூற்றாண்டில் மேற்கு ரோமப் பேரரசு சரிந்துகொண்டிருந்தபோது இரண்டாவது வகை தோன்றியது. விசிகோத்துகள் தென்மேற்கு பிரான்சிலும் பிறகு ஸ்பெயினிலும், சுவேபியர்கள் ஐபீரியாவின் வடமேற்கிலும், பர்கண்டியர்கள் ரோன் ஆற்றுப் படுகையிலும் அரசு அமைத்தார்கள். இப்போது அவர்கள் வரி வாங்கவேண்டும், படைக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும், கடைத்தெருவை நடத்தவேண்டும். ஆக, உண்மையாகவே புழங்கும் காசு வேண்டும். ஆட்சி தங்களுடையது, ஆனால் காசில் போட்டது ரோமப் பேரரசரின் முகமும் பெயரும். சுவேபியர்கள் பேரரசர் ஹொனோரியஸ் இறந்து வெகுகாலம் ஆன பிறகும் அவர் பெயரில் சாலிடஸ் அடித்தார்கள். மிலான் நகர அக்கசாலையின் குறியைக்கூட அப்படியே போட்டார்கள், அடித்தது ஐபீரியாவில் என்றாலும்.

இதில் பணிவும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் முதன்மைக் காரணம் சந்தை. தங்கக் காசை வாங்குகிறவர் முதலில் பார்ப்பது பழகிய முகத்தை. தெரியாத முகம் இருந்தால் உரைகல்லை எடுப்பார்.

உரைகல்லை எடுக்கக் காரணமும் இருந்தது. 458இல் பேரரசர் மஜோரியன் ஒரு சட்டம் போட்டார்: எடை சரியாக இருக்கும் சாலிடஸை வரி வாங்குபவர் மறுக்கக் கூடாது, காலியாவின் சாலிடஸ் மட்டும் விலக்கு, ஏனென்றால் அதன் பொன் மாற்றுக் குறைந்தது. காலியா என்பது இன்றைய பிரான்ஸ். பர்கண்டியரின் சட்டத்தொகுப்பு இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. எந்தெந்த சாலிடஸை வாங்க மறுக்கலாம் என்று நான்கு வகைகளைப் பட்டியலிட்டு, அதில் அலாரிக் காலத்துக் கோத்துக் காசையும் ஜெனீவாக் காசையும் சேர்க்கிறது. இந்த அலாரிக், ரோமை முற்றுகையிட்டவன் அல்ல. 507இல் இறந்த இரண்டாம் அலாரிக். ஜெனீவா பர்கண்டியரின் சொந்த ஊர். தன் வீட்டுக் காசையே சட்டம் போட்டு ஒதுக்கியிருக்கிறார்கள்! முதல் வகைச் சாயல்களைப் போலி என்று சொல்லக் கூடாது என்றேன். இரண்டாம் வகையில் சில, அந்தக் காலத்து மக்களே சந்தேகத்தோடு பார்த்தவைதான்.

இந்த அரசர்கள் மெதுவாக, ஒதுங்கி நின்றே தங்கள் பெயரைக் காசுக்குள் கொண்டுவந்தார்கள். சுவேபிய அரசன் ரெகியார் 450ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு வெள்ளிக் காசில் முன்பக்கம் ஹொனோரியஸை வைத்துவிட்டு, பின்பக்கத்தில் ‘ரெகியார் அரசனின் ஆணையால்’ என்று போட்டான். காசில் பெயர் போட்ட முதல் ஜெர்மானிய அரசன் அவன்தான். பர்கண்டிய அரசன் குண்டோபாத், பேரரசர் அனஸ்டேசியஸின் பெயரிலான ட்ரெமிஸிஸின் பின்பக்கத்தில் தன் பெயர் எழுத்துகளை ஒன்றோடொன்று பின்னி ஒரு சிறு முத்திரையாக மட்டும் வைத்தான். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இத்தாலியை 493 முதல் 526 வரை ஆண்ட கிழக்குக் கோத்து அரசர் தியோடெரிக்கின் அன்றாடத் தங்கக் காசுகளில் அவர் முகமே கிடையாது, பேரரசர்தான். ஒரே ஒரு பதக்கம் மட்டும் விதிவிலக்கு. 1894இல் செனிகல்லியா நகருக்கு அருகே கிடைத்த, மூன்று சாலிடஸ் எடையுள்ள அந்தப் பதக்கத்தில் அவர் நேராகப் பார்க்கிறார். காதை மூடிய நீண்ட முடி. வலக்கை உயர்ந்திருக்கிறது, இடக்கையில் உலக உருண்டையும் அதன்மேல் வெற்றித் தேவதையும். ரோம முறைப்படி எல்லாமே சரி. மேலுதட்டில் மட்டும் மீசை. ரோமப் பேரரசர்கள் முகத்தை மழித்தார்கள் அல்லது முழுத் தாடி வைத்தார்கள்; மீசை மட்டும் வைத்தவரைக் காண்பது அரிது. அந்த இரண்டு சிறு கோடுகளில் ஒரு கோத்து தன்னை கோத்தாகவே காட்டிக்கொள்கிறார். பட்டமும் பேரரசர்களுக்குரிய ‘அகஸ்டஸ்’ அல்ல, ‘ரெக்ஸ்’, அதாவது அரசர்.

தயக்கத்தை முழுதாக விட்டவர் பிராங்கு அரசர் முதலாம் தியூடெபெர்ட். 534 முதல் ஆண்ட அவர், சாலிடஸில் பேரரசரின் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டார். உருவமும் அமைப்பும் பேரரசர் காசில் இருந்த அதேதான். பெயர் மட்டும் மாறியது. கான்ஸ்டான்டினோப்பிளில் இருந்த வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸுக்கு இது பொறுக்கவில்லை. பாரசீக மன்னன்கூடத் தங்கக் காசில் தன் முகத்தைப் போடத் துணியமாட்டான், போட்டால் அவன் நாட்டு வணிகர்களாலேயே அதைச் செலாவணி செய்ய முடியாது என்று குமுறியிருக்கிறார். பாரசீகர்கள் தங்கள் அரசர் முகத்தோடு தங்கக் காசு அடித்தார்கள் என்பது நமக்குத் தெரியும்; குமுறலில் சொன்னதாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பொன்னும் பேரரசரின் முகமும் அந்தக் கால மனத்தில் எவ்வளவு இறுக ஒட்டியிருந்தன என்பதற்கு அந்தக் கோபமே அளவு.

ஸ்பெயினில் விசிகோத்து அரசர் லியோவிகில்ட் (568–586) தன் பெயரைப் போட்ட நேரத்தில், காசின் பின்பக்கத்து வெற்றித் தேவதை நகலின் நகலின் நகலாகத் தேய்ந்து, சிறகும் கால்களும் வெறும் கோடுகளாகி, வெட்டுக்கிளிபோல் நின்றாள். சாலிடஸின் அடியில் ‘கோனோப்’ என்ற எழுத்துகள் இருக்கும். அதன் கடைசி இரண்டெழுத்து தூய பொன் என்பதன் சுருக்கம்; கிரேக்க எண்முறையில் 72 என்றும் பொருள்படும். பவுண்டுக்கு 72 என்ற உறுதிமொழி அது. விசிகோத்துக் காசுகளில் அது குறுகிக் குறுகி ‘ஓனோ’ என்று ஆயிற்று. உறுதிமொழியின் பொருள் போய், அடியில் ஏதாவது இருக்கவேண்டும் என்ற பழக்கம் மிஞ்சியது.

படங்களில் ஒரு சாயலை அடையாளம் காண, முகத்துக்கு முன் எழுத்தைப் பாருங்கள். பிறகு கண், சாயலில் கண் பெரும்பாலும் பெரிது. பிறகு துணி மடிப்பு. அசலில் துணி உடலில் விழும், சாயலில் இணைகோடுகளாக நிற்கும். கடைசியாகத் துளை இருக்கும் இடம். வாங்க மட்டும் அவசரப்படாதீர்கள். உக்ரைனில் உலோகங்காட்டிக் கருவியோடு தோண்டியவர்களின் கையிலிருந்து இத்தகைய காசுகள் பல இணைய ஏலத்துக்கு நேராகப் போய்விட்டன. எந்த ஊர், எந்தக் குழி, பக்கத்தில் என்ன இருந்தது என்ற செய்தி இல்லாத சாயல் காசு பாதி ஊமை. இதை எழுதும்போது உண்மையாகவே மனம் வலிக்கிறது, ஏனென்றால் எழுத்து விட்டுச்செல்லாத மக்களுக்கு அந்தக் குழிதான் எழுத்து.

நம் பக்கத்திலும் இதே கதை நடந்தது. ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் ரோமத் தங்கக் காசுகளும் அவற்றின் உள்ளூர்ச் சாயல்களும் துளைகளோடு கிடைத்திருக்கின்றன. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 அவுரியஸ் காசுகளில் பெரும்பாலானவற்றில் துளைக்குப் பதில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளிவெட்டு இருக்கிறது. ஓரிடத்தில் அந்த முகத்தைக் கழுத்தில் மாட்டினார்கள், இன்னோரிடத்தில் அதைக் கீறிவிட்டுப் பொன்னை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

கடைசியாக ஒரு காசு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில், மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் சேகரிப்பிலிருந்து வந்த ஒரு சாயல் சாலிடஸ் இருக்கிறது. ஹொனோரியஸ் காசைப் பார்த்து, அவர் காலத்துக்கு நூறாண்டுக்கும் மேல் பிந்தி, பிரீசியர் செய்தது என்று கருதப்படுகிறது. லத்தீன் எழுத்துகள் வழக்கம்போல் குழம்பிக் கிடக்கின்றன. ஆனால் ஒரு பக்கத்தில் ஒன்பது எழுத்துகள் தெளிவாக, பிழையில்லாமல், வெட்டியவருக்குத் தெரிந்த எழுத்தில், ரூனில் இருக்கின்றன: ‘ஸ்கானோமோது’. ஒருவரின் பெயர். முன் பாதிக்கு அழகு என்றும் பின் பாதிக்கு மனம் என்றும் பொருள் சொல்கிறார்கள். செய்தவரா, செய்யச் சொன்னவரா, அணிந்தவரா என்பதைக் காசு சொல்லவில்லை.